பழைய இத்தாலியக் காதல் நகைச்சுவைகளை வீட்டில் பார்க்கும்போது சிரிப்பு ஏன் வருவதில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். 'ரோமன் ஹாலிடே' பிடித்துப்போய், அதே மாதிரி என்று யாரோ சொன்னதை நம்பி 'டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' படத்தின் ஐரோப்பிய டிவிடியை நண்பர் மூலமாக வரவழைத்திருக்கிறீர்கள். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகிறது. எல்லாரும் கடகடவென்று பேசுகிறார்கள். மனைவியைக் கொல்லத் திட்டம் போடும் ஒருவனைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும் என்றும் விளங்கவில்லை. எந்த டிஸ்க் வாங்குவது, எந்தப் படத்தில் தொடங்குவது, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு அடியில் நான்காவது ஒன்று இருக்கிறது. கோளாறு டிஸ்கிலா, டிவியிலா, படத்திலா, என்னிடமா? பல வருடங்கள் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் படம் தேர்ந்தெடுத்துத் திரையிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், டிஸ்கிலும் டிவியிலும் கொஞ்சம் கோளாறு இருக்கலாம். படத்தில் இல்லை. உங்களிடமும் இல்லை, ஆனால் ஒரே ஒரு தகவல் தெரியாமல் உள்ளே போய்விட்டீர்கள்.

அந்தத் தகவல் இதுதான். 1970 டிசம்பர் வரை இத்தாலியில் விவாகரத்து என்பதே சட்டத்தில் கிடையாது. தேவாலயத்தில் நடந்த திருமணத்தை அரசும் அப்படியே ஏற்கும் என்று 1929-ல் முசோலினி அரசுக்கும் வாட்டிகனுக்கும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. பிரிந்து வாழலாம், மறுமணம் கிடையாது. திருமணமே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி சர்ச் நீதிமன்றத்தின் படியேறலாம், அவ்வளவுதான். அதே நாட்டின் குற்றவியல் சட்டத்தில் 587-ம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மனைவியோ மகளோ சகோதரியோ தகாத உறவில் இருப்பதைக் கண்டு, அந்த ஆத்திரத்தில் மானத்துக்காகக் கொலை செய்தால் மூன்று முதல் ஏழு வருடம்தான் சிறை. சாதாரணக் கொலைக்குக் குறைந்தது 21 வருடம். மனைவியைப் பிரிய வழி வைக்காத சட்டம், கொல்வதற்குச் சலுகை வைத்திருந்தது. இயக்குநர் பியெத்ரோ ஜெர்மி 1961-ல் இந்த ஒரு முரணை எடுத்துக்கொண்டு, அதை ஒரு கணக்குப் போல நிதானமாகப் போட்டுக் காட்டினார். அதுதான் நீங்கள் பார்த்த படம்.

கதாநாயகன் பாரன் ஃபெஃபே, சிசிலியில் சொத்து கரைந்துகொண்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளை. இளம் உறவுக்காரப் பெண் ஆஞ்செலா மேல் ஆசை. மனைவி ரொசாலியா எந்தத் தப்பும் செய்யாதவள், அவனைக் கண்மூடித்தனமாக நேசிப்பவள். அதுதான் அவனுக்குப் பிரச்சினையே. 587-ம் பிரிவின் சலுகை கிடைக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு காதலன் வேண்டும், அவனை இவனேதான் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். மானத்துக்காகக் கொலை செய்த ஒரு பெண்ணின் வழக்கைப் பார்த்துவிட்டு, வக்கீல் தன் வழக்கில் என்ன பேசுவார் என்று முன்கூட்டியே மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறானே, அந்த இடங்களை இப்போது மறுபடி போட்டுப் பாருங்கள். கொலைகாரன் ஒருவனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை ஜெர்மி. சட்டம் கேட்கும் தகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து விண்ணப்பம் தயார் செய்கிறவனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார். ஃபெஃபேயாக நடிக்கும் மார்செல்லோ மாஸ்ட்ரோயானி எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடும், சிகரெட் ஹோல்டரோடும், அவ்வப்போது வாயோரத்தில் 'ட்ச்' என்று ஒரு இழுப்போடும் அதைச் செய்கிறார். அந்த 'ட்ச்' வரும் இடங்களை மட்டும் கவனித்தாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

இன்னொரு இடத்தையும் தவறவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சின்ன ஊருக்கு ஒரு படம் வருகிறது, பாதிரியார் பார்க்காதே என்கிறார், ஊரே கிளம்பிப் போகிறது. அது இயக்குநர் ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா'. 1960-ல் நிஜமாகவே இத்தாலியைக் கலக்கிய படம், அதன் நாயகனும் மாஸ்ட்ரோயானிதான். ரோமின் இரவு வாழ்க்கையில் மிதக்கும் அந்த நவநாகரிகன் திரையில் ஓடுகிறான், கீழே அதே நடிகர் எண்ணெய்த் தலையோடு வேறு காரியத்தில் மும்முரமாக இருக்கிறார். 1961-ல் தியேட்டரில் இருந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' திரைக்கதை ஆஸ்கர் வாங்கியது. இந்த வகைப் படங்களுக்கே 'கொம்மெடியா அல்லிதாலியானா', அதாவது இத்தாலியன் ஸ்டைல் நகைச்சுவை என்ற பெயர் இந்தப் படத்தின் தலைப்பிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

இந்தப் படங்களை எடுத்தவர்களும் அதே வலையில் மாட்டியிருந்தவர்கள்தான். நடிகரும் இயக்குநருமான விட்டோரியோ டி சிகா, முதல் மனைவி ஒரு வீட்டிலும், நடிகை மரியா மெர்காதேர் இன்னொரு வீட்டிலுமாக வருடக்கணக்கில் இரண்டு குடும்பம் நடத்தினார். மெக்சிகோவில் செய்துகொண்ட திருமணம் இத்தாலியில் செல்லாமல் போக, பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி 1968-ல் பாரிசில் மறுபடி திருமணம் செய்துகொண்டார். நடிகை சோபியா லாரன் கதை இன்னும் மோசம். தயாரிப்பாளர் கார்லோ போன்டியை 1957-ல் மெக்சிகோ வழியாகத் திருமணம் செய்துகொண்டார். போன்டியின் முதல் திருமணம் இத்தாலியில் உயிரோடு இருந்ததால் இருதாரக் குற்றச்சாட்டு வந்தது, திருமணம் ரத்தானது. இருவரும் பிரெஞ்சுக்காரர்களாகி 1966-ல்தான் முறைப்படி தம்பதி ஆனார்கள். இடையில் 1964-ல் போன்டி தயாரிப்பில், டி சிகா இயக்கத்தில், லாரன் நடித்து வந்த படத்தின் பெயர் 'மேரேஜ் இத்தாலியன் ஸ்டைல்'. இருபது வருடத்துக்கும் மேலாகக் கூட வாழ்ந்தவனைத் தாலி கட்ட வைக்க, சாகப்போவதாக நடிக்கும் ஒரு நேப்பிள்ஸ் பெண்ணின் கதை. அந்த நடிப்பில் தெரியும் கோபம் முழுக்க நடிப்புதானா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் படம் பார்க்கும்போது எனக்கு அந்தச் சந்தேகம் ஒவ்வொரு முறையும் வருகிறது.

சரி, உங்கள் டிவிடிக்கு வருவோம். உதடு ஒட்டாதது அநேகமாகப் படத்தின் இயல்பு. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படப்பிடிப்பில் பதிவான ஒலியைப் பயன்படுத்துவதில்லை. பின்னால் ஸ்டுடியோவில் குரல் சேர்ப்பார்கள். பல நேரம் நடித்தவர் ஒருவர், பேசியவர் வேறொருவர். துனிசில் பிரெஞ்சு பேசி வளர்ந்த நடிகை கிளாடியா கார்டினாலேவின் சொந்தக் குரல், அவர் நட்சத்திரமாகி சில வருடம் கழித்து '8½' படத்தில்தான் முதன்முதலாகக் கேட்டது. நம் ஊர்ப் படங்களிலும் நாயகிக்கு வேறொருவர் குரல் கொடுப்பதைக் கேட்டுப் பழகியவர்கள்தானே நாம், பத்து நிமிடத்தில் இதுவும் பழகிவிடும். ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். கதவு சாத்தும் காட்சியையோ, கண்ணாடிக் குவளையை மேசையில் வைக்கும் காட்சியையோ பாருங்கள். அந்தச் சத்தமும் தள்ளி வந்தால் கோளாறு உங்கள் டிவியிலோ சவுண்ட்பாரிலோ இருக்கிறது, மெனுவில் ஆடியோ டிலே என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைச் சரிசெய்யுங்கள். கதவு சரியாகச் சாத்தி, உதடு மட்டும் ஒட்டவில்லை என்றால் அது 1961-லேயே அப்படித்தான் இருந்தது. இங்கிலீஷ் டப்பிங் இருந்தால் ஆசைப்பட்டு அதற்கு மாறாதீர்கள். அதிலும் உதடு ஒட்டாது, கூடவே ஊரும் தொலைந்துவிடும்.

கடகடவென்று பேசுவதில் டிவிடிக்கும் பங்கு உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பாவின் PAL என்ற வீடியோ முறையில் வரும் டிவிடி நொடிக்கு 25. மாற்றும்போது பெரும்பாலும் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலைத் தனியாகத் திருத்தாவிட்டால் சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். சோகப் படத்தில் இது தெரியாது. ஒரு பார்வைக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது என்னும்போது, அந்த இடைவெளியைச் சுருக்கினால் நன்றாகவே தெரியும். ஜெர்மி போன்றவர்கள் அந்த இடைவெளியை வைத்துப் பிழைத்தவர்கள். ப்ளூரேயில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை, 24 ஃபிரேமிலேயே ஓடும். ஆகவே இதே படத்தை மறுபடி வாங்குவதென்றால் ப்ளூரே வாங்குங்கள்.

வாங்கும்போது, எந்தப் பகுதியின் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் ரீஜன் குறியைப் பாருங்கள். ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. டிவிடியில் அமெரிக்கா 1, ஐரோப்பா 2, இந்தியா 5. நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்களில் பல எல்லா ரீஜனையும் ஓட்டும், ப்ளூரே பிளேயர்கள் அவ்வளவு தாராளம் கிடையாது. கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். 4கே யுஎச்டி டிஸ்குக்கு மட்டும் இந்தப் பிரிவினை இல்லை. ஜெர்மியின் இந்தப் படத்தையும் அவருடைய 'செட்யூஸ்ட் அண்ட் அபாண்டண்ட்' படத்தையும் அமெரிக்காவில் கிரைடீரியன் என்ற நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. லாரன், மாஸ்ட்ரோயானி நடித்த டி சிகா படங்கள் கினோ வெளியீடாக வந்தன. இரண்டுமே நம்பி வாங்கக்கூடியவை, ஆனால் அமெரிக்க ரீஜன் பூட்டு (ப்ளூரே என்றால் ஏ, டிவிடி என்றால் 1) இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பிளேயரை முதலில் தயார் செய்யுங்கள். இத்தாலியிலேயே வெளியான டிஸ்குகள் மலிவாகவும் அழகாகவும் கிடைக்கும், வாங்குமுன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் காது கேளாதவர்களுக்கான இத்தாலிய சப்டைட்டில் மட்டும்தான் இருக்கும், இங்கிலீஷ் இருக்காது. எந்த நிறுவனம் என்று தெரியாத மலிவு விலைத் தொகுப்புகளில் பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்த பிரதிதான் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டிவியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூதிங் அமைப்பை அணையுங்கள், அது இருந்தால் எந்தப் பழைய படமும் சீரியல் மாதிரி தெரியும். படத்தை இழுத்துத் திரையை நிரப்பாதீர்கள். 1953-ல் வந்த 'பிரெட், லவ் அண்ட் ட்ரீம்ஸ்' சதுரத்துக்குப் பக்கமான சட்டத்தில் எடுத்தது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் சரி. 1963-ன் 'எஸ்டர்டே, டுடே அண்ட் டுமாரோ' டெக்னிஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுத்தது. அது இத்தாலியில் பிறந்த சிக்கன முறை. பிலிமில் வழக்கமான ஃபிரேமின் பாதி உயரத்தையே பயன்படுத்தும். அதனால் திரையில் துகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதை அழுக்கு என்று நினைத்து டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஏற்றினால் லாரன் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். மறுசீரமைத்த வண்ணப் படங்களின் நிறம் பற்றி ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை நடக்கிறது. பொலோன்யாவில் உள்ள ஆய்வகத்திலிருந்து வரும் பிரதிகளில் மஞ்சள் ஏறியிருக்கிறது என்று பலர் புகார் சொல்வார்கள். சில படங்களில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் எடுத்தபோது எப்படி இருந்தது என்பதற்கு வெளிறிய பழைய பிரிண்டுகளும் நினைவுகளும்தான் சாட்சி, அவற்றை வைத்து அடித்துச் சொல்வது சிரமம். கறுப்பு வெள்ளையில் தொடங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

சப்டைட்டில் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நேப்பிள்ஸ்காரர் பேச்சு, சிசிலிக்காரர் பேச்சு, வடக்கே மிலான்காரர் பேச்சு என்று இத்தாலியர் சிரிப்பதில் ஒரு பங்கு வட்டார வழக்கிலேயே இருக்கிறது. நல்ல சப்டைட்டிலும் அதை ஒரே மாதிரி இங்கிலீஷாக்கிவிடும். எனக்கும் அந்த வழக்குகள் பேச வராது, யார் எந்த ஊர் என்று காது ஓரளவு பிரித்துச் சொல்லும், அதற்கு மேல் நானும் சப்டைட்டிலை நம்புகிறவன்தான். எனக்கு உதவுகிற வழி, சிக்கலான காட்சியை முதலில் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு, உடனே அதை அணைத்து மறுபடி ஓட்டுவது. தியேட்டரில் முடியாத காரியம், வீட்டில் முடியும். கண் கீழே இருந்து விடுபட்டதும், பின்னால் நிற்கும் அத்தை, ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று இவ்வளவு நேரம் பார்க்காத ஆட்களெல்லாம் தெரிவார்கள். ஜெர்மியின் கேலி பாதி அந்த முகங்களில் இருக்கிறது.

எதில் தொடங்குவது என்றால், நீங்கள் தொடங்கியதில் தொடங்கியிருக்கக் கூடாது என்பேன். 'ரோமன் ஹாலிடே' ரோமில் எடுத்த அமெரிக்கப் படம். அது வந்த அதே 1953-ல் இத்தாலியர்களே பார்த்துக் கொண்டாடிய காதல் நகைச்சுவை லூயிஜி கொமென்சினியின் 'பிரெட், லவ் அண்ட் ட்ரீம்ஸ்', இத்தாலியப் பெயர் 'பானே, அமோரே இ ஃபான்டசியா'. ஏழை மலைக்கிராமம் ஒன்றுக்கு மாற்றலாகி வரும் நடுத்தர வயது போலீஸ் அதிகாரியாக டி சிகா. கழுதையோடு அலையும் துடுக்குப் பெண்ணாக ஜீனா லொல்லோபிரிஜிடா. அவள் மனசு அதிகாரியிடம் இல்லை, வெட்கப்பட்டுப் பேசவே வராத ஒரு இளம் கான்ஸ்டபிளிடம் இருக்கிறது. ரொட்டி தின்றுகொண்டிருக்கும் கிழவரிடம் உள்ளே என்ன வைத்திருக்கிறீர் என்று அதிகாரி கேட்க, கற்பனை என்று பதில் வருகிறது. தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற சோகப் படத்தை எடுத்த அதே டி சிகா, 1930-களில் இத்தாலியின் காதல் நாயகனாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர் என்பதும் இதைப் பார்த்தால் நம்பும்படி இருக்கும். வறுமை இருக்கிறது, ஆனால் அழ வைக்காது. நியோரியலிசம் என்பது போருக்குப் பிந்தைய இத்தாலியின் ஏழ்மையை உள்ளபடி காட்டிய யதார்த்தப் பட வகை, அதனாலேயே அக்கால விமர்சகர்கள் இந்த வகையை 'ரோஜா நிற நியோரியலிசம்' என்று கிண்டலடித்தார்கள். கிண்டல் ஓரளவு நியாயம்தான், அதற்காகப் படம் கெட்டுப்போகவில்லை.

அடுத்து 'எஸ்டர்டே, டுடே அண்ட் டுமாரோ'. மூன்று ஊர், மூன்று கதை, மூன்றிலும் லாரனும் மாஸ்ட்ரோயானியும். முதல் கதையில் நேப்பிள்ஸில் கள்ள சிகரெட் விற்கும் அடெலினா, கர்ப்பிணியைச் சிறையில் போடக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு வருடா வருடம் பிள்ளை பெறுகிறாள். புருஷன் களைத்துப் போகிறான். மறுபடியும் பாருங்கள், சட்டத்தில் ஒரு ஓட்டை, அதற்குள் புகுந்து ஒரு கல்யாண வாழ்க்கை. நடுவில் வரும் மிலான் கதை சுமார். மூன்றாவதில் ஒரு இளம் துறவி மாணவன், அவனுடைய பாட்டி, மாடிக்கு மாடி நடக்கும் சண்டை. அதற்கப்புறம் 'மேரேஜ் இத்தாலியன் ஸ்டைல்'. இது எடுவார்டோ டி ஃபிலிப்போவின் 1946 நாடகத்திலிருந்து வந்தது, சிரிப்பு பாதியில் கனமாகிவிடும். இவ்வளவுக்கும் பிறகு ஜெர்மியிடம் திரும்பி வாருங்கள். 'செட்யூஸ்ட் அண்ட் அபாண்டண்ட்' கடைசியாக இருக்கட்டும். பெண்ணைக் கெடுத்தவன் அவளையே கட்டிக்கொண்டால் வழக்கு கிடையாது என்ற இன்னொரு சட்டப் பிரிவைப் பற்றியது. படம் 1964-ல் வந்தது. அடுத்த வருடக் கடைசியில் சிசிலியின் அல்காமோவில் ஃபிராங்கா வியோலா என்ற பெண் கடத்தப்பட்டு, அப்படிக் கட்டிக்கொள்ள முடியாது என்று வெளிப்படையாக மறுத்து, வழக்கை நடத்தி, கடத்தியவனைச் சிறைக்கு அனுப்பினார். அந்தப் பிரிவும் 587-ம் ஒன்றாக நீக்கப்பட்டது 1981-ல்தான். இந்தப் படத்தில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும், உங்களுக்குச் சிரிப்பே வராவிட்டாலும் அதில் தவறில்லை.

அம்மாவோடு பார்ப்பது பற்றி. தமிழ் சப்டைட்டிலோடு இந்தப் படங்களின் டிஸ்க் எதையும் நான் பார்த்ததில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்கு ஏற்றது கொமென்சினியின் படம். அதிகாரி வீட்டு வேலைக்காரக் கிழவியாக வரும் டீனா பிகாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது. இது நன்றாகப் போனால் இரண்டு வருடம் கழித்து வந்த மூன்றாம் பாகத்தையும் வாங்கலாம். அது டீனோ ரிஸி இயக்கியது, அகலத்திரையில், வண்ணத்தில், சொரென்டோவின் கடற்கரையில், லொல்லோபிரிஜிடாவுக்குப் பதில் லாரனோடு. 'எஸ்டர்டே, டுடே அண்ட் டுமாரோ' வைத்தால் முதல் கதையைப் போட்டுக் காட்டுங்கள். மூன்றாவதில் லாரன் உடை களையும் காட்சி ஒன்று உண்டு. இன்றைய கணக்கில் அது ஒன்றுமேயில்லை, இருந்தாலும் உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் முதலில் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.